இறங்கிய எடை

எங்கள் பக்கத்தில் ஒரு சரக்கைப் பார்த்தால் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதோடு யாரும் நிறுத்துவதில்லை. எவ்வளவு இறங்கும் என்று உடனே அடுத்த கேள்வி வரும். பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம், அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் என்று என் சிறு வயதை நிறைத்த சரக்குகள் இரண்டுமே எடை நிற்காதவை. வெங்காயம் காயக் காய இறங்கும். கல் நெருப்பில் இறங்கும். அந்த இறக்கத்தைக் கணக்கில் கொண்டுவரத் தெரிந்தவர்கள்தாம் எங்கள் வீட்டில் மரியாதைக்குரியவர்கள்.

அம்மா பிறந்தது செட்டிகுளத்துக்குப் பக்கத்து ஊர். அப்பா அரியலூரை ஒட்டிய ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் எடை மேடையில் சீட்டு எழுதினார். அப்போது இரண்டு பக்கமும் திருச்சி மாவட்டம்தான். பெரம்பலூர் 1995-இல் பிரிந்தது, அரியலூர் 2007-இல் நிலையாகத் தனி மாவட்டம் ஆனது. பிள்ளைகளான எங்களுக்கு அது ஒரே ஊர். இந்தப் பக்கம் வெங்காயத் தாள் வாசம், அந்தப் பக்கம் வெள்ளைப் புழுதி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மாயி வீட்டு வயலோரம் வெங்காயப் பட்டறை இருக்கும். கல் அடுக்கி, மேலே குச்சி பரப்பி, பக்கமெல்லாம் காற்றுப் போக விட்டு, கீற்று வேய்ந்திருப்பார்கள். அறுவடை நேரத்தில் விலை இருக்காது. வெங்காயத்தைப் பட்டறையில் போட்டு, விலை ஏறும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். இதில் ஒரு பந்தயம் இருக்கிறது. விலை ஏறும் வேகத்தைவிட எடை இறங்கும் வேகம் கூடிவிட்டால் காத்திருந்ததெல்லாம் நட்டம். அம்மாயி அதைப் பட்டறைக்குள் கைவிட்டு அளந்து சொல்வாள். அவள் கணக்கு முழுவதும் வீசையில் ஓடும். வெள்ளி ரூபாய் மூன்றின் எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. இன்றைய கணக்கில் ஒரு பலம் 35 கிராம், ஒரு வீசை 1.4 கிலோ. எடை அளவுச் சட்டம் 1956-இல் வந்து, 1958 அக்டோபரிலிருந்து கிலோ படிப்படியாகக் கடைகளுக்குள் நுழைந்து, நான் பிறப்பதற்கு முன்பே வீசைக்கல் செல்லாமல் போய்விட்டது. மண்டிக்காரர் கிலோவில் சொல்வார், அம்மாயி அதை வீசைக்கு மாற்றிக்கொண்டு யோசிப்பாள், பதிலை மறுபடி கிலோவாக்கிச் சொல்வாள். அந்த மாற்றலில் ஒரு பலம்கூடப் பிசகி நான் பார்த்ததில்லை.

ஏன் இறங்குகிறது என்று அவளிடம் கேட்டிருக்கிறேன்.

“வெங்காயம் மூச்சு விடுது புள்ள. மூச்சு விடுற பொருளுக்கு எடை எப்படி நிக்கும்?”

அது முழுக்க அறிவியல் என்று பின்னால்தான் தெரிந்தது. வெங்காயம் அறுத்த பிறகும் உயிரோடு இருக்கிறது. தன்னிடமுள்ள சர்க்கரையைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்து, கரியமில வாயுவும் நீராவியுமாக வெளியே விடுகிறது. அதோடு தோல் வழியாகத் தண்ணீரும் போகிறது. போனதெல்லாம் பட்டறையைச் சுற்றியுள்ள காற்றில் இருக்கிறது.

அப்பாவின் எடை மேடையில் இறக்கம் வேறு மாதிரி. லாரி காலியாக ஏறும்போது ஒரு எடை, லோடோடு வரும்போது ஒரு எடை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நிகர எடை. கல்லைத் தனியாக எடுத்து யாரும் தராசில் வைக்கப் போவதில்லை. கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மழை நாளில் ஈரம் குடித்த கல் எடை ஏறி வரும், அதற்கு ஒரு கழிவு உண்டு. அப்பாவுக்குக் கையெழுத்து அழகு. சீட்டில் மூன்று எண்ணும் ஒன்றன்கீழ் ஒன்றாக, புள்ளி புள்ளிக்கு நேராக நிற்கும்.

சித்தப்பா ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் மாதிரி பார்க்கும் வேலையில் இருந்தார். பத்தாம் வகுப்பு விடுமுறையில் என்னை ஒரு முறை அழைத்துப்போய்க் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருந்தது. மூச்சுக் காற்று படக் கூடாது என்று சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார். பொடித்த கல்லில் சரியாக ஒரு கிராம் எடுத்துப் பிளாட்டினம் குப்பியில் போட்டு, ஆயிரம் டிகிரி ஓட்டத்தில் இருக்கும் உலைக்குள் வைத்து, எடுத்து, ஆறவிட்டு, மறுபடி நிறுத்தார். அரைக் கிராமைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் மிச்சம். இந்த இறக்கத்துக்கு அங்கே எல்.ஓ.ஐ. என்று பெயர். தூய சுண்ணாம்புக் கல்லுக்கு அது 44 சதவீதம், மண் கலந்திருந்தால் குறையும். ஆலைக்குள் 100 கிலோ நல்ல கல் போனால் 56 கிலோ சுண்ணாம்புதான் நிற்கும், 44 கிலோ கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். அரியலூர்க் கல் ஒரு காலத்துக் கடலின் அடித்தரை. காரையிலும் வாரணவாசியிலும் இன்றும் சங்கும் சிப்பியும் கல்லாகக் கிடைக்கின்றன. டைனோசர் காலத்துக் கடலில் அந்த உயிர்கள் தங்கள் ஓட்டுக்குள் பூட்டி வைத்த கரியைத்தான் நாங்கள் சிமெண்டுக்காகத் திறந்து விட்டுக்கொண்டிருந்தோம்.

“போனது எங்கயும் போயிடல. காத்தா மாறியிருக்கு. அதையும் பிடிச்சு நிறுத்தா கணக்கு சரியா வரும்” என்றார் சித்தப்பா. அந்த வாக்கியத்தை நான் அப்படியே நம்பினேன். எடை இறங்கினால் ஏதோ ஒரு பொருள் வெளியே போயிருக்கிறது என்பது எனக்கு உலகத்தின் அடிப்படை விதியாக இருந்தது.

கல்லூரியில் இயற்பியல் எடுத்தேன். இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ, நவீன இயற்பியல் புத்தகத்தின் பின்பக்கம் ஓர் அட்டவணையைப் பார்த்தேன். புரோட்டானின் நிறை 1.67×10⁻²⁷ கிலோகிராம் என்று ஒரு பத்தியில் இருந்தது. பக்கத்துப் பத்தியில் அதே நிறை 938 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். எலக்ட்ரானுக்கு 9.11×10⁻³¹ கிலோகிராம், பக்கத்தில் 0.511. முதல் பத்தி எனக்குப் புரிந்தது, கடையில் இருப்பதுதான், ரொம்பச் சிறியது, அவ்வளவுதான். இரண்டாவது பத்தி புரியவில்லை. வோல்ட் என்பது மின்சாரம். எடையை எதற்காக வோல்ட்டில் சொல்ல வேண்டும்?

எங்கள் பேராசிரியை கரும்பலகையில் போட்டுக் காட்டினார். ஓர் எலக்ட்ரானை ஒரு வோல்ட் மின்னழுத்தம் தள்ளினால் அதற்குக் கிடைக்கும் ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட். ஜூலில் சொன்னால் 1.602×10⁻¹⁹. ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்னபடி ஆற்றலை ஒளிவேகத்தின் இருமடியால் வகுத்தால் நிறை வரும். ஒளிவேகம் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர், மீட்டரில் 3×10⁸, அதன் இருமடி 9×10¹⁶. வகுத்தால் 1.78×10⁻³⁶ கிலோகிராம். புரோட்டானின் 1.67×10⁻²⁷ கிலோகிராமை இதனால் வகுத்தால் 93.8 கோடி எலக்ட்ரான் வோல்ட், அட்டவணையிலிருந்த 938 மில்லியன். நான் நோட்டில் மறுபடி போட்டுப் பார்த்தேன். வந்தது.

“தட்டுல வைக்க முடியாததை எப்படிம்மா எடை போடுவ? தள்ளிப் பாத்துத்தான் எடை போடணும். தள்ளுறது வோல்ட்” என்றார் அவர். தாம்சன் 1897-இல் எலக்ட்ரானைக் கண்டதும் அப்படித்தான். மின்புலத்தாலும் காந்தத்தாலும் தள்ளி, எவ்வளவு வளைகிறது என்று பார்த்தார். பாரமான துகள் குறைவாக வளையும், லேசானது அதிகமாக வளையும். ஆனால் அதற்குப் பிறகு பேராசிரியை சொன்னதுதான் என்னை உலுக்கியது. 1920 வாக்கில் கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் என்பவர் அணுக்களை அந்த முறையில் துல்லியமாக நிறுத்தார். நான்கு ஹைட்ரஜன் அணு சேர்ந்தால் ஒரு ஹீலியம் அணு அளவுக்குச் சரக்கு இருக்கிறது. நிறுத்துப் பார்த்தால் ஹீலியத்தின் எடை நான்கு ஹைட்ரஜனின் எடையைவிடக் குறைவு. கிட்டத்தட்ட 140-இல் ஒரு பங்கு காணோம்.

அன்று சாயங்காலம் அரியலூரில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் இதைச் சொன்னேன். அவர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆய்வுக்கூடத்துக்காரர் என்பதால் அவருக்கு முதலில் சதவீதம் வேண்டும்.

“எல்.ஓ.ஐ. எவ்வளவு?”

“0.7 சதவீதம் சித்தப்பா.”

“காத்து எங்க போச்சு?”

காற்று இல்லை என்றேன். எந்த அணுவும் வெளியே போகவில்லை, துண்டு துணுக்கு எதுவும் சிதறவில்லை, ஒளியாகவும் வெப்பமாகவும் போய்விட்டது என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. எடை இறங்கினால் ஒரு பொருள் வெளியே போயிருக்க வேண்டும் என்பது அவருடைய பிழைப்பின் அடித்தளம். பிறகு, சூரியன் எரிவது அதுவா என்று கேட்டார். அதுதான். ஆஸ்டன் நிறுத்துச் சொன்ன அதே 1920-இல் எடிங்டன் என்ற வானியலாளர் அந்தக் காணாமல் போன எடைதான் சூரிய வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று பேசினார். சூரியன் நொடிக்கு நாற்பது லட்சம் டன்னுக்கு மேல் எடை இறங்கிக்கொண்டிருக்கிறது. அம்மாயியின் அளவில் சொன்னால், ஒரு வீசை ஹைட்ரஜன் முழுவதும் ஹீலியமானால் 10 கிராம் காணாமல் போகும், கால் பலத்துக்குச் சற்று மேல். அந்த 10 கிராமின் விலை 25 கோடி யூனிட் மின்சாரம்.

அப்போதுதான் சித்தப்பா தன் கேள்விக்கு வந்தார். “அப்ப நம்ம சூளைல என்ன நடக்குது? அங்க நாம நெருப்ப உள்ள கொடுக்கறோம். அப்படின்னா கல்லுக்கு எடை ஏறணுமே?”

எவ்வளவு நேர்த்தியான கேள்வி அது என்று இன்றைக்கும் எனக்கு வியப்பு. சுண்ணாம்புக் கல்லை உடைக்க வெப்பம் உள்ளே போகிறது. 44 கிலோ வாயுவையும் பிடித்து நிறுத்தி, 56 கிலோ சுண்ணாம்போடு கூட்டினால், வந்த 100 கிலோவைவிட ஒரு பொட்டு கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு? வேதியியல் புத்தகத்தில் எண் இருந்தது. நூறு கிராம் கல்லை உடைக்க 178 கிலோஜூல். நோட்டை விரித்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் போட ஆரம்பித்தோம். நூறு கிலோவுக்கு 17.8 கோடி ஜூல். ஒளிவேகத்தின் இருமடியால் வகுத்தால் 2 மைக்ரோகிராம். நூறு கிலோவில், கிராமின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அவருடைய குப்பியிலிருக்கும் ஒரு கிராமுக்கு அதிலும் லட்சத்தில் ஒரு பங்கு. அவருடைய தராசு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும். அது ஐம்பது லட்சம் மடங்கு இன்னும் நுட்பமாக இருந்தால்தான் இது தெரியும் என்று கணக்கு வந்தது. சித்தப்பா சிரிக்கவில்லை. “இருக்குல்ல? தெரியலன்னாலும் இருக்குல்ல?” என்றார்.

இதே கணக்கை எலக்ட்ரான் வோல்ட்டில் போட்டால் என்ன வருகிறது என்று அன்று இரவு தனியாகப் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த அலகின்மேல் எனக்கு ஒரு பற்று வந்துவிட்டது. கல்லின் ஒரு மூலக்கூறு, அதாவது ஒரு கால்சியம், ஒரு கரி, மூன்று ஆக்சிஜன், மொத்தம் 9,320 கோடி எலக்ட்ரான் வோல்ட். வகுப்பு வழக்கில் 93.2 ஜி.இ.வி. ஒரு ஜி.இ.வி. என்பது நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட். அதை உடைக்கத் தேவைப்படுவது 1.84 எலக்ட்ரான் வோல்ட். ஒரு டார்ச் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டுக்குப் பக்கம். 9,320 கோடிக்கு 1.84. ஐயாயிரம் கோடியில் ஒரு பங்கு. ஹீலியத்துக்கோ 3,755 மில்லியனுக்கு 26.7 மில்லியன். இரண்டு இறக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நெருப்புக்கும் சூரியனுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. கிலோகிராமில் எழுதியிருந்தால் எடை ஒரு பக்கமும் வெப்பம் வேறு பக்கமும் கிடந்திருக்கும். ஒன்றோடொன்று பேசியிருக்காது. எலக்ட்ரான் வோல்ட்டில் எழுதும்போது இருக்கும் எடையும் இறங்கிய எடையும் போன ஆற்றலும் அப்பாவின் சீட்டில் இருந்ததைப் போல ஒரே பத்தியில் வந்து நிற்கின்றன. கழித்தால் கணக்கு முடிகிறது. துகள் இயற்பியலாளர்கள் கிலோகிராமை ஒதுக்கி வைத்ததற்கு எண் சிறியது என்பது மட்டும் காரணமாக இருந்தால், ஒரு புதிய குட்டி எடைக்கல்லைச் செய்து முடித்திருப்பார்கள். அவர்களுடைய உலகத்தில் எடை எந்நேரமும் ஆற்றலாகவும் ஆற்றல் எடையாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நடுவே ஒளிவேகத்தின் இருமடியைப் பெருக்கி வகுத்துக்கொண்டிருக்க முடியாது.

அம்மாயியின் வெங்காயத்தையும் போட்டுப் பார்த்தேன். ஒரு சர்க்கரை மூலக்கூறு மூச்சில் எரியும்போது வெளிவருவது சுமார் 29 எலக்ட்ரான் வோல்ட். சர்க்கரையும் அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் சேர்ந்த எடையில் அது பத்தாயிரம் கோடியில் எட்டுப் பங்குதான். ஆக, பட்டறையில் இறங்கும் எடையெல்லாம் அவள் சொன்ன மூச்சும் தோல் வழியாகப் போன தண்ணீரும்தான், வெப்பமாகப் போனது ஒரு கிலோ சர்க்கரைக்கு மைக்ரோகிராமில் ஆறில் ஒரு பங்கு.

பின்னால் நானே பெரம்பலூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தினேன். அணுக்கரு பாடம் வரும்போது ஒரு சுருக்குவழி சொல்லிக்கொடுப்பேன். ஒரு கிராம் என்றால் 5.61×10²³ ஜி.இ.வி. அந்த எண்ணைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவகாட்ரோ எண் 6.022×10²³ ஏற்கெனவே தெரியும், ஓர் அணு நிறை அலகு 0.9315 ஜி.இ.வி. என்பதும் தெரியும், இரண்டையும் பெருக்கினால் வந்துவிடும். ஒரு பவுன், அதாவது 8 கிராம், 4.5×10²⁴ ஜி.இ.வி. ஒரு தங்க அணு 183 ஜி.இ.வி. ஜெனீவாவில் 2012 ஜூலை 4 அன்று அறிவித்த ஹிக்ஸ் துகள் 125. டாப் குவார்க் மட்டும் 173-க்குப் பக்கம், ஒற்றைத் துகளாக இருந்துகொண்டு கிட்டத்தட்ட ஒரு தங்க அணுவின் பாரத்தைச் சுமக்கிறது. இதையெல்லாம் கிலோகிராமில் சொன்னால் பிள்ளைகள் காதில் விழுவது பத்தின் அடுக்கு மட்டும்தான்.

ஆனால் வகுப்பு அசந்து போவது சிமெண்ட் மூட்டைக்குத்தான். பாதிப் பேர் வீட்டில் யாராவது சிமெண்ட் லாரி ஓட்டுகிறார்கள், மூட்டை ஏற்றுகிறார்கள், கட்டட வேலைக்குப் போகிறார்கள். 50 கிலோ மூட்டை என்றால் அவர்களுக்கு முதுகில் தெரியும். அந்த 50 கிலோ எங்கே இருக்கிறது என்று கேட்பேன். கால்சியம், ஆக்சிஜன், சிலிக்கான் என்று சொல்வார்கள். அவற்றுக்குள்ளே? புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான். எலக்ட்ரான் மொத்தமும் சேர்த்து 13.6 கிராம்தான், ஒன்றே முக்கால் பவுனுக்கும் குறைவு. மீதி புரோட்டானும் நியூட்ரானும். அவற்றுக்குள் மூன்று மூன்று குவார்க். புரோட்டானின் மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் 9 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், புரோட்டானோ 938. நியூட்ரானுக்கும் அதே கதை, பதினொன்றரைக்கு 940. மூட்டை முழுவதற்கும் குவார்க்குகளின் சொந்த எடையைக் கூட்டினால் அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும். மற்ற 49 கிலோவும் எந்தப் பொருளின் எடையும் இல்லை. அந்தக் குவார்க்குகள் சிறைப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றலும், அவற்றைக் கட்டி வைத்திருக்கும் குளுவான் புலத்தின் ஆற்றலும்தான் அது. முதுகில் அழுத்துவது ஆற்றல்.

ஒரு முறை ஒரு பையன் எழுந்து, “எங்கப்பா தூக்கறது அப்ப சரக்கே இல்லையா டீச்சர்?” என்று கேட்டான். சரக்குதான் என்றேன். சரக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அடைபட்ட ஆற்றல் என்பது 1970-களில் குவார்க்குகளின் வலுவான விசையைப் புரிந்துகொண்ட பிறகு தெளிவானது, சித்தப்பா காலத்துப் புத்தகங்களில் அது இல்லை என்றேன். அவன் அப்பா தூக்கும் பாரத்தில் அதனால் ஒரு கிராம்கூடக் குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது சொல்லப்பட வேண்டியது.

வோல்ட் என்பது ஏட்டிலுள்ள வோல்ட் இல்லை என்று காட்ட ஊட்டி உதவியது. அங்கே டாடா ஆய்வு நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 கருவிகள் வானிலிருந்து இறங்கும் மியூவான்களை எண்ணிக்கொண்டிருக்கின்றன. மியூவான் என்பது 106 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் எடையுள்ள துகள், எலக்ட்ரானைப் போல 207 மடங்கு. நம் உள்ளங்கை வழியாகக்கூட எந்நேரமும் போய்க்கொண்டிருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று அந்த மலைமேல் வந்த ஓர் இடிமேகத்தில் மியூவான் எண்ணிக்கை குறைந்த அளவை வைத்து, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்தது என்று கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். ஓர் எலக்ட்ரான் அந்த மேகத்தின் முழு மின்னழுத்தத்தையும் கடந்தால் அதற்கு 1.3 ஜி.இ.வி. கிடைக்கும். ஒரு புரோட்டானின் மொத்த எடையைவிட அதிகம். நீலகிரிக்கு மேலே ஒரு மழைமேகம், ஓர் எலக்ட்ரானுக்கு ஒரு புரோட்டான் எடைக்குரிய ஆற்றலைக் கொடுக்க வல்லது. இதைச் சொன்ன நாளில் ஜன்னலுக்கு வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது, பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதே 2019 மே 20-இல் கிலோகிராமே மாறியது. பாரிசுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் கண்ணாடிக் கவசங்களுக்குள் இருந்த பிளாட்டினம்-இரிடியம் கட்டிதான் 1889 முதல் உலகத்தின் கிலோ. அதைக் கைவிட்டு, பிளாங்க் மாறிலிக்கு ஒரு நிலையான எண் கொடுத்து, அதிலிருந்து கிலோவை வரையறுத்தார்கள். எலக்ட்ரானின் மின்னூட்டமும் அன்றே நிலையான எண் ஆனது, ஒளிவேகம் 1983 முதலே அப்படித்தான். இதனால் எங்கள் வகுப்புக்கு ஒன்று நடந்தது. அதுவரை எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கிலோகிராமுக்கும் இடையே உள்ள மாற்று எண், அளந்து கண்ட எண். அளவை நுட்பமானால் கடைசி இலக்கங்கள் திருத்தப்படும். இப்போது அதில் பிழையே கிடையாது, வரையறையிலிருந்து நேராக வருகிறது. வெள்ளி ரூபாய், பலம், வீசை, கிலோ என்று வந்த எங்கள் ஊர் அளவுகளுக்கும் ஜெனீவா ஆய்வகத்தின் அளவுக்கும் இடையிலான கதவு முழுக்கத் திறந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. நான் அதை மிகுந்த மகிழ்ச்சியோடு வகுப்பில் சொன்னேன்.

அந்தப் பிழையில்லாத மாற்று எண் கையில் இருந்தும் எடை தெரியாத சரக்கு ஒன்று இருக்கிறது. நியூட்ரினோ. அது முதலில் ஓர் எடைக் குறைவாகத்தான் அறிமுகமானது. சில அணுக்கருக்கள் எலக்ட்ரானை உமிழும்போது கணக்கு உதைத்தது, கொஞ்சம் ஆற்றல் காணோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் அதை எடுத்துக்கொண்டு போகிறது என்று பவுலி 1930-இல் எழுதினார். 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்து வந்த நியூட்ரினோவை உலகில் முதலில் கண்டவர்களில் நம் நாட்டவர்கள் உண்டு. அதற்கு எடை உண்டு என்பது 1998-இல் ஜப்பானில் உறுதியானது. தேனி மாவட்டம் பொட்டிபுரம் மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட ஆய்வகம், 50 ஆயிரம் டன் இரும்பை வைத்து, மூவகை நியூட்ரினோ எடைகளில் எது கூட எது குறைய என்ற வரிசையைக் காண விரும்பியது. அதை அமைக்கலாமா கூடாதா என்று தமிழ்நாட்டில் வாதங்கள் நடந்தன. என் மாணவர்களும் இரண்டு பக்கமும் நின்று வாதிட்டார்கள். எடை வரிசை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு வாதிட்டார்கள் என்பதில் எனக்குத் திருப்தி.

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் இந்த எடையை நேராகக் காண முயல்கிறார்கள், அதுவும் கழித்துத்தான். டிரிட்டியம் சிதையும்போது 18,600 எலக்ட்ரான் வோல்ட் வெளிவருகிறது. எலக்ட்ரானும் நியூட்ரினோவும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எலக்ட்ரானுக்குக் கிட்டத்தட்ட முழுவதும் போகும் அபூர்வ நிகழ்வுகளைப் பிடித்து, அதன் உச்ச எல்லை 18,600-க்கு எவ்வளவு முன்னால் நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் குறைதான் நியூட்ரினோவின் எடை. 2025-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, எடை 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருக்க முடியாது என்கிறது. கீழே எவ்வளவு என்று தெரியாது.

இதற்காக அவர்கள் செய்த முதன்மைக் கலம் 200 டன், 23 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். செய்த ஊரிலிருந்து கார்ல்ஸ்ரூ 400 கிலோமீட்டர்தான், ஆனால் அந்த அகலத்துக்குச் சாலை இல்லை. 2006-இல் டான்யூப் ஆற்றில் இறக்கி, கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று ஐரோப்பாவைச் சுற்றி, ரைன் ஆற்றில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். டிரெய்லர் லாரிகளைப் பார்த்தே வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பயணம் மிகவும் பிடித்துவிட்டது. எந்தப் பாலத்தில் இடிக்கும், எந்த வளைவில் திரும்பாது என்று அரைமணி நேரம் பேசினார்கள். கடைசி வரிசையிலிருந்த ஒருவன் அதற்குள் கலத்தின் எடையை மாற்றி முடித்திருந்தான். 1.12×10⁴¹ எலக்ட்ரான் வோல்ட். அதன்கீழ் 0.45 என்று எழுதி, முன்னால் ‘குறைவு’ என்ற குறியைப் போட்டுவிட்டு, அடுத்த வரியை எதனால் நிரப்ப வேண்டும் டீச்சர் என்று கேட்டான். ஜப்பானில் கண்ட, நியூட்ரினோ வகை மாறும் அலைவிலிருந்து ஒரு கீழ் எல்லை உண்டு என்று சொல்லி, மூன்றில் ஒன்றாவது 0.05-க்குக் குறையாது என்று எழுதச் சொன்னேன். எழுதினான். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோதான் இருக்கிறது.